நாலு விரற்கடைக் கறுப்பு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கதை எனக்கு வில்லங்கச் சான்று வாங்கப் போன இடத்தில் கிடைத்தது.

செவ்வாப்பேட்டையில் எங்களுக்கு இருக்கும் அரை கிரவுண்டுக்கு எந்த வில்லங்கமும் இல்லை என்று அரசாங்கம் சொல்ல வேண்டும். அரசாங்கம் இப்போதெல்லாம் வாயைத் திறந்து எதையும் சொல்வதில்லை, இணையதளத்தில்தான் சொல்கிறது. வீட்டுக் கணினியில் மூன்று நாள் மல்லுக்கட்டினேன். நான்காம் நாள் ரயிலேறித் திருவள்ளூரில் இறங்கி, மணவாள நகரில் நியாஸ் வைத்திருக்கும் ஆன்லைன் கடைக்குப் போய்விட்டேன். அங்கே பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்து, தன் கைப்பேசியைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒட்டுக்கேட்டேன்.

அனுமதி கேட்கவில்லை. அவளிடம் எனக்கென்று ஒரு தனியுரிமைக் கொள்கையும் காட்டவில்லை. காட்டியிருந்தால் அது இப்படி இருந்திருக்கும்: இந்தக் கதாசிரியர் உங்களைப் பற்றிய தனிப்பட்ட தகவல் எதையும் தானாகச் சேகரிப்பதில்லை, நீங்களாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலொழிய.

அவளுக்குச் செண்பகம் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவள் வேலை பார்த்த கம்பெனியின் பெயர் ██████. தளத்தை நடத்தும் துறையின் பெயர் ████████. கறுப்படிக்கும் பழக்கம் எனக்கு முன்பு கிடையாது. அவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைபோக்கிகளுக்கு மேலே சூரியன் மெல்ல...

[அடித்துவிட்டேன். புகைபோக்கிக்கு மேலே சூரியனை இதுவரை மூன்று கதைகளில் ஏற்றிவிட்டேன். போதும்.]

இரண்டாம் தொடக்கம்: இருட்டு. செண்பகத்தின் உலகத்தில் இனி...

[இதையும் அடித்தேன். பார்வை போன பெண் என்றதும் கை தானாக இருட்டு என்று எழுதுகிறது. அவளுக்கு இருட்டே இல்லையாம். கலங்கின கஞ்சித் தண்ணி மாதிரி வெளிச்சமாம், எந்நேரமும். நியாஸிடம் சொல்லும்போது கேட்டேன்.]

மூன்றாம் தொடக்கம்: செண்பகத்துக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

இது இருக்கட்டும்.

அவள் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியின் பிரஸ் பிரிவில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். விடிகாலை ஐந்து பத்துக்கு மணவாள நகரில் கம்பெனி பஸ் வரும். இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தி உருப்படி எடுக்கிற வேலை. பதினான்கு மாதங்களுக்கு முன்னால் ஒருநாள் இயந்திரத்தின் எண்ணெய்க் குழாய் வெடித்து, கொதிக்கிற எண்ணெய் முகத்தில் அடித்தது. அதைத் தடுப்பதற்கென்றே இயந்திரத்துக்கு முன்னால் ஒரு மறைப்புத் தகடு உண்டு. அன்றைக்கு அது அங்கே இல்லை.

அதைக் கழற்றியது யார்?

நீதான் என்றது கம்பெனி. நானில்லை என்றாள் அவள். மறுநாளே ஓர் ஆய்வாளர் வந்து பார்த்து அறிக்கை எழுதிக்கொண்டு போனார். அது பொது ஆவணம், யார் கேட்டாலும் தர வேண்டும் என்கிறார்கள்.

போன மாதம் கம்பெனியிலிருந்து ஒரு தாள் வந்தது. அவள் மகள் மெர்சிக்கு வேலை தருகிறார்கள். அதே பிரிவு, அதே வரிசை. 'எனது கவனக்குறைவால் மறைப்புத் தகட்டை நானே அகற்றியதால் விபத்து நேரிட்டது' என்று செண்பகம் கைநாட்டு வைத்தால் போதும். ஒன்றாம் தேதி திங்கட்கிழமை, மெர்சி பஸ் ஏறலாம். அதற்குள் அந்த ஆய்வாளரின் அறிக்கையைக் கேட்டு வாங்கத்தான் செண்பகம் நியாஸ் கடைக்கு வந்திருந்தாள்.

கணவர் பாக்கியநாதன் ஆந்திரா பக்கம் லாரி ஓட்டுகிறார். வை, வைக்காதே என்று போனில் மாற்றி மாற்றிச் சொல்கிறார். அவரைக் கதைக்கு வெளியே நெடுஞ்சாலையிலேயே விட்டுவிடுகிறேன்.

3

தளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லாத் துறைகளின் பொது ஆவணங்களுக்கும் இது ஒரே வாசல். வாசலில் எழுத்து ஓடிக்கொண்டேயிருக்கும். உச்சியில் எழுத்தைப் பெரிதாக்க ஒரு பொத்தான், சிறிதாக்க ஒரு பொத்தான். இரண்டையும் அமுக்கினால் அந்தப் பொத்தான்கள் மட்டும் பெரிதாகிச் சிறிதாகும். அடியில் ஒரு கணக்கு: நீங்கள் 41,27,893ஆவது பார்வையாளர். நான் மூன்று தடவை உள்ளே போய் வந்தேன், மூன்று பார்வையாளராகிவிட்டேன். உள்ளே நுழைந்த தலைகளை எண்ணுகிறார்கள். வெறுங்கையோடு திரும்பிய தலைகளுக்குக் கணக்கு இல்லை.

'பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள்' என்று ஒரு பக்கமும் உண்டு. செண்பகத்தின் கைப்பேசி திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும். உள்ளே இருக்கிறவளுக்கு அவள் போன்காரி என்று பெயர் வைத்திருந்தாள். போன்காரி அந்தப் பக்கத்துக்குப் போய், "படம்" என்றாள்.

அவ்வளவுதான். வசதிகளையெல்லாம் ஒரு தாளில் அச்சடித்து, முத்திரை குத்தி, அதைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். வசதி இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளக் கண் வேண்டும்.

"இன்னா க்கா சொல்றா?" என்றான் நியாஸ். அவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பழவேற்காட்டுக்காரன். குடும்பத்தில் எல்லோரும் துணி வியாபாரம், இவன் மட்டும் ஓடிபி வியாபாரம் என்பான்.

"பெயரிடப்படாத பொத்தான். பெயரிடப்படாத பொத்தான். அதான் சொல்லிகினே கீறா. இத்தினி புள்ள பெத்து வச்சிக்கினு ஒண்ணுத்துக்கும் பேரு வைக்கலியே தம்பி, இன்னா குடும்பம் இது?"

"குடு க்கா, நான் போட்றேன். உங்கிட்ட அவன் சாதியெல்லாம் கேப்பான்."

"எண்ணெய் மேல பட்டதுக்கு சாதி இன்னாத்துக்கு?"

"சிவப்புப் புள்ளி வச்சிக்கிறான். நிரப்பாம வுட்டா மேல போவாது."*

* அதே பக்கத்தின் அடியில், 'இத்தளம் உங்களது தனிப்பட்ட விவரங்களைச் சேகரிப்பதில்லை' என்று இருக்கிறது. தகப்பனார் பெயர், சாதி, ஆதார் எண், மூக்குக்குக் கீழே மச்சம் இருக்கிறதா என்கிற கேள்விகளுக்கு நடுவே அதைப் படிப்பது தனி சுகம். [மச்சம் நான் சேர்த்தது. மற்றவை அவர்களுடையவை.]

4

இனி வருவது நியாஸின் தொழில் ரகசியம். கதையே இதில்தான் தொங்குகிறது.

அவன் கடைக்கு வருகிறவர்களின் கைப்பேசிகள் வீட்டில் இருக்கும், சார்ஜில் இருக்கும், அல்லது மகனிடம் இருக்கும், மகன் ஓரகடத்தில் ஷிப்டில் இருப்பான். ஓடிபி மூன்று நிமிடத்தில் செத்துவிடும். அதனால் நியாஸ் எல்லோருக்கும் தன் நம்பரையே போட்டுவிடுவான். முகவரியும் கடை முகவரிதான், தபால் வந்தால் கைக்கு வரட்டும் என்று. மணவாள நகர் முழுக்க இப்படித்தான். அரசாங்கத்தின் கண்ணுக்கு அந்தப் பகுதியில் வாழ்வது ஒரே ஒரு ஆள். அவருக்கு இருநூற்றுச் சொச்சம் பெயர்கள், எல்லா வயதும், எல்லா மதமும்.

"என் நம்பரையே போட்றேன் க்கா. வந்தா கூப்புட்றேன்."

"மறந்துடாத நியாஸு. ஒண்ணாந்தேதிக்குள்ள வேணும்."

"அல்லா மேல ஆணையா மறக்க மாட்டேன்."

செண்பகம் கைப்பையைத் தடவி எடுத்துக்கொண்டு எழுந்தாள். மெர்சி வாசலில் செருப்பைத் திருப்பி வைத்துக் காத்திருந்தாள்.

[இந்த இடத்தில் மெர்சியின் முகத்தை வருணித்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். செண்பகத்தால் பார்க்க முடியாததை நான் உங்களுக்கு மட்டும் ரகசியமாகக் காட்டுவது சரியில்லை என்று பட்டது. எடுத்துவிட்டேன். பத்தொன்பது வயது, அது போதும்.]

5

விண்ணப்பம் போட்ட இருபதாம் நாள் துறைக்கு வெளிப்படைத்தன்மை வந்தது. சிலருக்கு அருள் வருவது மாதிரி அது சில காலங்களில் வரும். யார் யார் என்னென்ன ஆவணம் கேட்டார்கள் என்ற முழுப் பட்டியலையும், பெயர், முகவரி, கைப்பேசி எண்ணோடு தளத்தில் ஏற்றிவிட்டார்கள். கேட்ட ஆவணங்கள் ஒன்றையும் ஏற்றவில்லை. அவற்றில் பிறரின் தனியுரிமை அடங்கியிருக்கிறதாம்.

அன்று மதியமே நியாஸுக்கு ஒரு அழைப்பு.

"சார், இந்த நம்பர்லேர்ந்து எங்க யூனிட் பிரஸ் செக்‌ஷன் விபத்து அறிக்கை கேட்டிருக்காங்க. யாரு நீங்க?"

"நான் நியாஸு."

"எங்க கம்பெனில வேலை பாத்தீங்களா?"

"இல்ல சார். கடை வச்சிகினு கீறேன்."

"அப்ப கேட்டது யாரு?"

"லிஸ்ட்ட மேல தள்ளிப் பாருங்க சார். ஏரி வரைபடம் கேட்டதும் நான்தான். ரேஷன் கடை இருப்பு கேட்டதும் நான்தான். வேப்பம்பட்டு லேடீஸ் ஹாஸ்டல் ஆய்வறிக்கை கேட்டதும் நான்தான். எனக்கு ஆர்வம் ஜாஸ்தி."

"பேர் போட்டிருக்கணுமே."

"நீங்களே படிங்க, இன்னா போட்டுக்கிது?"

பட்டியலில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள் இருந்தன. துறையின் எழுத்துருவுக்குத் தமிழ் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆக, அந்தத் தளத்தில் ஒரு குடிமகளின் தனியுரிமையைக் காப்பாற்றியவை இரண்டு: கெட்டுப்போன எழுத்துரு, நியாஸின் சோம்பேறித்தனம். பதினெட்டு பக்கக் கொள்கை அறிக்கை பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தது.

வாசகர் இங்கே கேட்கலாம்: பிரஸ் பிரிவில் விபத்து என்றால் கம்பெனிக்காரரால் ஆளை ஊகிக்க முடியாதா? நானும் கேட்டுக்கொண்டேன். ஊகித்திருப்பார். ஆனால் அந்தப் பிரிவில் அடிபட்டவர்கள் மொத்தம் பதினாறு பேர். ஊகிப்பது கொஞ்சம் சிரமம்.

6

இந்த இடத்தில் நான் ஒரு வாரம் எழுதாமல் இருந்தேன். செண்பகத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அதுவரை அவளைச் சுத்தமான வெள்ளைத் துணியாக எழுதிக்கொண்டு வந்திருந்தேன். கெட்ட கம்பெனி, நல்ல பெண். துறையைக் கிண்டல் செய்ய அது வசதி. ஆனால் மறைப்புத் தகடு இருந்தால் மணிக்கு நூற்றெண்பது உருப்படி போடலாம். இல்லாவிட்டால் இருநூற்றைம்பது. சூப்பர்வைசர் யாரையும் கழற்றச் சொல்ல மாட்டார். "பக்கத்து மிஷின்ல எப்டி போட்றாங்க பாரு" என்பார், அவ்வளவுதான். எல்லோருடைய டிபன் பைக்குள்ளும் ஒரு ஸ்பேனர் இருந்தது.

செண்பகத்தின் பையிலும் இருந்தது.

அதன் குளிர்ச்சி இன்னும் அவள் உள்ளங்கையில் இருக்கிறது. எந்த நாளின் குளிர்ச்சி என்றுதான் தெரியவில்லை. முந்தின வாரமா, அன்றைக்குக் காலையிலா, அல்லது அவளுக்கு முந்தின ஷிப்டில் நின்ற பெண் கழற்றிவைத்ததை மாட்டலாம் என்று எடுத்து, நேரமாகிறதென்று திரும்ப வைத்துவிட்டாளா. ஆஸ்பத்திரியில் ஒரு தடவை, கம்பெனியில் ஒரு தடவை, சர்ச்சில், தெருவில், தண்ணீர் லாரி வரிசையில் என்று நூறு தடவை 'நானில்லை' என்று சொல்லியாயிற்று. நூறு தடவை சொன்னதில் அது தேய்ந்து, சொல்லுக்குக் கீழே என்ன இருந்தது என்று அவளுக்கே தட்டுப்படவில்லை.

மெர்சி ஒரே ஒருமுறை கேட்டாள். "மா, நெஜமா நீ கழட்டலியா?"

"போ, போய் சோத்த வடி."

அன்றைக்குத்தான் அவளுக்கு அறிக்கை தேவைப்பட்டது. கம்பெனியை ஜெயிப்பதற்கென்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். தன் கை என்ன செய்தது என்பதை ஒரு அரசாங்கத் தாளில் படிக்கக் கேட்க வேண்டும் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. நான்தான் எழுதுகிறேன்.

7

ஒன்றாம் தேதிக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு நியாஸ் மெர்சியைக் கூப்பிட்டான்.

"அம்மாவ இட்டுகினு சீக்கிரம் வா. மெசேஜு வியாழக்கிழமையே வந்துகிது, கூட்டத்துல கவனிக்கல. லிங்க்கு ஆறு மணிக்கு செத்துடும்."

அவனுடைய தொழில் ரகசியத்தின் மறுபக்கம் இது. இருநூற்றுச் சொச்சம் பேருக்கு வரும் பதில்கள் ஒரே கைப்பேசியில் குவியும்.

ஐந்தே காலுக்கு வந்து சேர்ந்தார்கள். என் சான்றை வாங்கிப்போக நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். கைநாட்டுத் தாள் நாலாக மடித்து மெர்சியின் பையில் இருந்தது. நியாஸ் லிங்கைத் திறந்தான். 'நீங்கள் மனிதர்தான் என்பதை நிரூபிக்கவும்' என்றது தளம். நிரூபிக்க வேண்டிய படம் வரவில்லை, வெறும் கட்டம்தான் வந்தது. பக்கத்தில் ஒலிபெருக்கி மாதிரி ஒரு பொத்தான். அமுக்கினான். மாவு மிஷின் ஓடுகிற மாதிரி இரைச்சல், அதற்குள் யாரோ இங்கிலீஷில் முனகினார்கள். ஏதோ தட்டினான். தவறு. மறுபடி தட்டினான். தவறு. இன்னும் ஒரு வாய்ப்பு, தவறினால் இருபத்துநான்கு மணி நேரம் பூட்டு.

"ஒரு மண்ணும் புரியல க்கா. தப்பா நெனைக்காத."

"இன்னொரு வாட்டி போடு," என்றாள் செண்பகம். "கம்முனு இருங்க ரெண்டு பேரும்."

பிரஸ் பிரிவில் முப்பது இயந்திரங்கள் ஒன்றாக அடிக்கும். அந்தச் சத்தத்தில் சூப்பர்வைசர் தூரத்தில் நின்று அடுத்த அச்சின் நம்பரைச் சொல்வார். அதைத் தப்பாகக் கேட்டால் ஐந்நூறு உருப்படி குப்பைக்குப் போகும். பதினோரு வருஷத்தில் அவள் ஒருமுறைகூடத் தப்பாகக் கேட்டதில்லை.

கையைத் தூக்கினாள். இரைச்சல் ஓடி நின்றது.

"செவன். போர். போர். நைன். டூ. செவன்."

நியாஸ் தட்டினான். திறந்தது.

"க்கா," என்றான். "நீ மனுசிதான். கவர்மெண்டே சொல்லிட்ச்சி."

8

ஏழு பக்கம். எல்லாம் படம். போன்காரி ஏழு தடவை "படம்" என்று சொல்லிவிட்டு ஓய்ந்தாள்.

"நீ படி தம்பி. கறுப்பு அடிச்சிருந்தா கறுப்புன்னு சொல்லு. தாண்டிப் போவாத."

நியாஸ் படித்தான். நிறுவனத்தின் பெயர், கறுப்பு. ஆய்வாளர் பெயர், கறுப்பு. இயந்திரத்தின் எண், கறுப்பு. "மிஷினுக்கு இன்னா க்கா தனியுரிமை?" காயமடைந்தவர் பெயர், அது மட்டும் பளிச்சென்று இருந்தது, கதவு எண்ணோடு.

நாலாம் பக்கத்தில் நிறுத்தினான்.

"இன்னா ஆச்சு?"

"காரணம்னு போட்டு எழுதிக்கிது. 'இயந்திரத்தின் முன்புற மறைப்புத் தகடு, கறுப்பு, அகற்றப்பட்டிருந்தது.' அவ்ளோதான்."

"யாரால?"

"அதான் க்கா கறுப்பு."

செண்பகம் திரைப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு கேட்டாள். "எவ்ளோ நீளம்?"

"இன்னாது?"

"கறுப்பு. எவ்ளோ நீளம்?"

நியாஸ் திரைமேல் விரலை வைத்துப் பார்த்தான். "நாலு வெரக்கடை."

"அதே சைசுல என் பேர அடிச்சுப் பாரு."

அடித்தான். "ஒண்ணரை வெரல் வருது க்கா."

"அப்ப நான் இல்ல."

"முன்னாடி தொழிலாளி, திருமதின்னு எதுனா போட்டிருந்தா..." என்று இழுத்தான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. [இது என் கதையின் பலவீனம். பொய் சொல்லத் தெரிந்த கடைக்காரனை வைத்திருந்தால் இந்தப் பக்கத்திலேயே முடித்திருக்கலாம்.]

மெர்சி குனிந்து திரையைப் பார்த்தாள். "மா, கடைசிப் பக்கத்துல அப்பறமா சேத்தது ஒண்ணு கீது. மறுபடியும் வந்து பாத்துக்கிறாங்க, போன மாசம். தகடு மாட்டிட்டாங்களான்னு. அதுக்குத் தனியா விண்ணப்பிக்கவும்னு போட்டுக்கிறாங்க."

இங்கே உங்களுக்குச் சில முடிவுகள் தரலாமென்று இருந்தேன். கறுப்பில் சூப்பர்வைசர் பெயர் இருப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு முடிவு. செண்பகத்தின் பெயர் என்றால் இன்னொன்று. மெர்சி தாளை எடுத்து நீட்டி, செண்பகம் பெருவிரலை... வேண்டாம். மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் செண்பகம் என் வசதிக்காக அழுதாள். நான் பார்த்த பெண் அழவில்லை. அவள் கேள்வியை மாற்றிக்கொண்டாள்.

"யாரு கழட்டினாங்கன்றது கெடக்கட்டும். மாட்டினாங்களா?" என்றாள். "இன்னொண்ணு போடு தம்பி. அந்த ரெண்டாவது அறிக்கையக் கேளு."

"வர்றதுக்கு ஒரு மாசம் ஆவும் க்கா. நாளைக்கு பஸ்ஸு."

"தெரியும். போடு. இந்த வாட்டி உன் நம்பர் வேணா. என் நம்பரப் போடு. பேர இங்கிலீஷ்லயே அடி, கேள்விக்குறியா வராம."

"மா," என்றாள் மெர்சி. "லிஸ்ட்டுல போடுவாங்க. கம்பெனிலேர்ந்து கூப்புடுவாங்க."

"கூப்புடட்டுமே. நானும் கேக்க வேண்டியது கீது."

மெர்சி பையிலிருந்து தாளை எடுத்தாள். கிழிக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை. விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதன்மேல் அம்மாவின் கைப்பேசியை வைத்தாள்.

நாளை ஐந்து பத்துக்குப் பஸ் வரும்போது மெர்சி எங்கே நிற்பாள் என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். நாலு விரற்கடை இடம் இருக்கிறது, நிரப்பிக்கொள்ளுங்கள்: ██████████. என்னைப் பொறுத்தவரை, வில்லங்கச் சான்று கைக்கு வந்துவிட்டது. அரை கிரவுண்டில் வில்லங்கம் ஏதும் இல்லையாம். ரயிலுக்கு நேரமாகிறது. ஆனால் எழ முடியவில்லை.

நியாஸ் சிவப்புப் புள்ளிகளையெல்லாம் நிரப்பி முடித்தான். நீங்கள் மனிதர்தான் என்பதை நிரூபிக்கவும் என்றது தளம். இந்தத் தடவையும் படம் வரவில்லை. பொத்தானை அமுக்கினான். இரைச்சல் தொடங்கியது.

செண்பகம் கையைத் தூக்கினாள். யாரும் பேசக் கூடாது என்று அர்த்தம். நானும்தான்.